அட்வான்ஸ் கொடுக்குமுன்

கேள்வி: பட்டா விற்பவர் பெயரிலேயே இருக்கிறது. அப்புறம் எதற்குப் பழைய பத்திரங்களைக் கேட்டு மனுஷனைச் சங்கடப்படுத்த வேண்டும்? (குரோம்பேட்டை வாசகர்)

பதில்: பட்டா வருவாய்த்துறை கொடுப்பது, பத்திரம் பதிவுத்துறையில் பிறப்பது. பட்டா ஒருவர் பெயரில் இருப்பதாலேயே சொத்து அவருடையதாகிவிடாது. அது அவர் கைக்கு எப்படி வந்தது என்பதைத் தாய்ப்பத்திரம்தான் சொல்லும். கேளுங்கள். காட்டச் சங்கடப்படுகிற இடத்தில் வாங்காதீர்கள்.

கேள்வி: முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்துவிட்டேன், சுத்தமாக இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா? (திருநின்றவூர் வாசகர்)

பதில்: இப்போதுதான் கண்ணைத் திறக்க வேண்டும். வில்லங்கச் சான்று, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவானதை மட்டுமே காட்டும். பதிவாகாத உயில் அதில் வராது. மூலப்பத்திரத்தைத் தெரிந்தவரிடம் கொடுத்துவிட்டுக் கைமாற்று வாங்கியிருந்தால் அதுவும் வராது. அசலைக் கையில் வாங்கிப் பாருங்கள். ஜெராக்ஸை மட்டும் நீட்டினால் அசல் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். வங்கியில் இருக்கிறது என்றால், கடன் பாக்கி எவ்வளவு என்று வங்கியிடமிருந்தே கடிதம் வாங்கித் தரச் சொல்லுங்கள்.

கேள்வி: அப்பா கட்டிய வீட்டை மூன்று பிள்ளைகள் சேர்ந்து விற்கிறார்கள். “அக்காவுக்குத்தான் கல்யாணத்தில் நிறையச் சீர் செய்துவிட்டோமே, அவர் கையெழுத்து தேவையில்லை” என்கிறார்கள். விலையும் தோதாக இருக்கிறது. (தாம்பரம் வாசகி)

பதில்: எனக்கு வரும் கடிதங்களில் அதிகம் இருப்பது இந்தக் கேள்விதான். சீர் செய்தது பிரியம், பங்கு என்பது உரிமை. ஒன்றைக் கொடுத்ததால் இன்னொன்று தீர்ந்துவிடாது. இந்துக் குடும்பத்தில் தகப்பனார் தாமே சம்பாதித்துக் கட்டிய வீடு, உயில் எழுதாமல் அவர் காலமாகிவிட்டார் என்றால், மனைவிக்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும் சம பங்கு. இது 1956-லிருந்தே சட்டம். பூர்வீகச் சொத்து என்றால், அப்போது மணமாகாதிருந்த மகள்களுக்குத் தமிழ்நாடு 1989-லேயே பங்கு கொடுத்தது. 2005-ல் மத்தியச் சட்டம் எல்லா மகள்களுக்கும் அதைத் திறந்துவிட்டது. அந்த வருஷம் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் தெளிவாக்கியது.

ஆகவே முதலில் வாரிசுச் சான்றிதழைக் கேளுங்கள். அதில் உள்ள ஒவ்வொரு பெயரும் கிரயப் பத்திரத்தில் கையெழுத்தாக வர வேண்டும். இல்லையென்றால், அந்த அக்கா மனமுவந்து எழுதிக்கொடுத்துப் பதிவான விடுதலைப் பத்திரம் வேண்டும். “அப்புறம் வாங்கித் தருகிறோம்” என்பதை நம்பி ஒரு ரூபாய்கூட அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். விலை தோதாக இருப்பதற்குக் காரணமே அந்த விடுபட்ட கையெழுத்தாக இருக்கலாம். இன்னொன்றும் சொல்கிறேன்: முடிந்தால் அந்த அக்காவை நீங்களே நேரில் பார்த்துப் பேசுங்கள். அவர் பிறந்து வளர்ந்த வீடு அது. அவர் மனம் நோக அதில் நீங்கள் பால் காய்ச்ச வேண்டாம்.

கேள்வி: ஆடி மாதத்தில் வீடு பேசலாமா? (மாம்பலம் வாசகர்)

பதில்: தாராளமாக. ஆடியில் பத்திரங்களைப் படியுங்கள், வக்கீலிடம் காட்டுங்கள். ஆவணியில் பதியுங்கள்.

கேள்வி: ஃபிளாட் 1,200 சதுர அடி என்றார் பில்டர். டேப் பிடித்தால் உள்ளே 850-தான் வருகிறது. ஏமாற்றா? (மடிப்பாக்கம் வாசகி)

பதில்: மாடிப்படி, லிஃப்ட், நடை எல்லாவற்றிலும் உங்கள் பங்கைச் சேர்த்துச் சொன்ன கணக்கு அது. 2016-ல் வந்த ரெரா சட்டப்படி அவர் சொல்ல வேண்டியது கார்ப்பெட் ஏரியாவை. புதுக் கட்டடம் என்றால், ஒப்பந்தம் எழுதிப் பதியாமல் பத்து சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கவும் அதே சட்டம் தடை செய்கிறது. அதைவிட முக்கியமாக யூடிஎஸ் எவ்வளவு என்று கேளுங்கள். கட்டடத்துக்கு வயதாகும், மண்ணுக்கு ஆகாது. நாளைக்கு இடித்துக் கட்டும்போது உங்களுக்காகப் பேசப்போவது பத்திரத்தில் எழுதியிருக்கிற அந்த மனைப் பங்குதான்.

கேள்வி: பழைய வீட்டை விற்கிறேன். வழிகாட்டி மதிப்புக்குப் பதிந்துவிட்டு மீதியை ரொக்கமாகத் தருகிறேன் என்கிறார் வாங்குபவர். செலவு குறையும் என்கிறாரே? (பல்லாவரம் வாசகர்)

பதில்: குறைவது அவருக்கு, வம்பு உங்களுக்கு. வீட்டு விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை முழுவதையும் அபராதமாகக் கட்ட வேண்டி வரலாம். அவருக்கும் நல்லதல்ல: நாளை அவர் விற்கும்போது, இன்று மறைத்த தொகை லாபமாக எழுந்து வரி கேட்கும். காசோலையாகவோ வங்கி மாற்றலாகவோ வாங்குங்கள். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் அவர் ஒரு சதவீதம் டிடிஎஸ் பிடித்து வருமான வரித்துறைக்குக் கட்ட வேண்டும். அதை நினைவுபடுத்துங்கள்.

கேள்வி: பதிவுக்கு எவ்வளவு எடுத்து வைக்க வேண்டும்? (ஆவடி வாசகர்)

பதில்: மனைக்கும் பழைய தனி வீட்டுக்கும் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 60 லட்சம் வீட்டுக்கு 5 லட்சத்து 40 ஆயிரம். 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் வரையுள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைகிறது. தரகர் கமிஷனை முதல் நாளே பேசி முடித்துவிடுங்கள்.

கேள்வி: உரிமையாளர் துபாயில் இருக்கிறார், பவர் வாங்கியவர் விற்கிறார். சரிதானா? (போரூர் வாசகர்)

பதில்: சரியாக இருக்கலாம். ஆனால் பவர் கொடுத்தவர் காலமானால் பவரும் போய்விடும். ரத்து செய்திருக்கவும் கூடும். உரிமையாளரிடம் வீடியோவில் நேருக்கு நேர் பேசிவிட்டு மேலே போங்கள்.

கேள்வி: முடிச்சூர் பக்கம் ஒரு வீடு பார்த்தோம். பத்திரமெல்லாம் பக்கா, விலையும் கட்டுப்படியாகிறது. சித்திரையில் முடித்துவிடலாம் என்கிறார் தரகர். (சேலையூர் வாசகி)

பதில்: 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மக்களைப் படகில் மீட்டார்கள். வெயிலில் எல்லாத் தெருவும் மேடாகத்தான் தெரியும். புலப்படத்திலும் ‘அ’ பதிவேட்டிலும் அந்தச் சர்வே எண்ணைத் தேடி, ஏரியோ வாய்க்காலோ என்று குறித்திருக்கிறதா பாருங்கள். பால் போடுகிறவரிடமும் இஸ்திரி வண்டிக்காரரிடமும் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். அவர்களுக்குக் கமிஷன் இல்லை. அவசரமில்லையென்றால் ஐப்பசி வரை பொறுங்கள். நல்ல மழை பெய்த மறுநாள், குடையோடு அந்தத் தெருவில் ஒருமுறை நடந்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.