லிஸ்பனும் முழங்காலும்

போர்ச்சுகலின் தலைநகரான லிஸ்பன் கடலோர நகரம் என்று படித்துவிட்டு நீச்சலுடையோடு புறப்படும் பயணி, நகரின் நடுவிலுள்ள கொமெர்சியோ சதுக்கத்தின் படித்துறையில் நின்று, எதிரே விரிந்து கிடக்கும் நீர்ப்பரப்பைப் படமெடுத்து, கடல் என்று குறிப்பெழுதி உறவினர் குழுவுக்கு அனுப்பிய பிறகே அது டேகஸ் ஆறு என்பதை அறிகிறார். ஆறு கடலில் சேருமுன் அகன்று பரவும் பகுதியைக் கழிமுகம் என்பர். இங்கே அது எவ்வளவு அகலம் என்றால், அதைக் கடக்க 1998இல் திறக்கப்பட்ட வாஸ்கோ ட காமா பாலம், அணுகுசாலைகளையும் சேர்த்து 17 கிலோமீட்டர் நீள்கிறது. மெய்யான கடலுக்கு ரயிலேறிக் காஷ்காய்ஷ் வரை, ஏறத்தாழ 40 நிமிடம், போகவேண்டும். ஆகஸ்டு வெயிலிலும் குளிர்ந்து கிடக்கும் அத்திலாந்திக் நீரில் கணுக்கால் நனைந்ததுமே நீச்சலுடை பெட்டிக்குத் திரும்பிவிடும்.

ஏழு குன்றுகளின் மேல் அமைந்த நகரம் என்று லிஸ்பனைச் சொல்வது மரபு. எண்ணியவர் ஏழாவது குன்றோடு மூச்சுவாங்கி நிறுத்தியிருக்கவேண்டும். வரைபடத்தில் விரற்கடை தூரமாகத் தெரியும் தெரு, நேரில் படிக்கட்டாக எழுந்து நிற்கிறது. போதாதற்கு, 'கல்சாதா' எனப்படும், சிறு சுண்ணாம்புக்கற்களைக் கையால் பதித்துச் செய்த நடைபாதை, தூறல் விழுந்ததும் பயணியின் வயதையும் பதவியையும் பாராமல் சறுக்கிவிடுகிறது. மாடி ஏற மின்தூக்கி வைப்பது உலக வழக்கம். தெரு ஏறுவதற்கே 1902இல் 45 மீட்டர் உயரத்தில் சாந்த ஜுஸ்தா என்னும் இரும்புத் தூக்கியை நிறுத்தியது லிஸ்பன். அதற்கான வரிசையில் பயணிகள் காத்து நிற்கையில், உள்ளூர் மூதாட்டிகள் காய்கறிப் பையோடு பக்கத்துச் சரிவில் நடந்தே மேலே போய்விடுகிறார்கள். புகழ்பெற்ற 28ஆம் எண் டிராம், 100 அடி போவதற்குள் 13 அடிக்கு மேல் ஏறும் சரிவுகளில் முனகியபடி ஏறி, சுவரில் சாய்ந்து நிற்பவர்களை வயிற்றை எக்கவைத்து, பிறரது பையை நாடுவோருக்கும் நெரிசலில் தாராளமாக இடந்தந்து, இறுதியில் ஒரு கல்லறைத் தோட்டத்தின் வாசலில் போய் நிற்கிறது. வழித்தடம் வகுத்தவர் முன்யோசனைக்காரர்.

1755 நவம்பர் 1 அன்று நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் தீயும் சேர்ந்து நகரை அழித்தன. அதில் உயிர்தப்பிய மன்னர் முதலாம் ஜோசே, அதன்பின் கற்கூரையின் கீழ் உறங்க மறுத்து, அஜுதா குன்றின்மேல் மரத்தாலான அரண்மனையில் 1777இல் இறக்கும்வரை காலங்கழித்தார். ஊரார் அதை அரச குடிசை என்றார்கள். அந்தப் பேரழிவையும் தாங்கி, ஆனால் கூரையே இல்லாமல், நின்றது சாந்த எங்ராசியா தேவாலயம். 1682இல் தொடங்கிய அதன் கட்டுமானம் 1966இல்தான் முடிந்ததால், இழுபறியாகும் எந்த வேலையையும் 'சாந்த எங்ராசியா வேலை' என்றே போர்ச்சுகல் மக்கள் சொல்கிறார்கள். மேம்பாலப் பணியாளர்களும் ஒப்பந்தக்காரர்களும் குடும்பத்தோடு தரிசிக்கவேண்டிய தலம் இது.

பெலேம் பகுதியிலுள்ள ஜெரோனிமோ மடம், கீழைநாட்டு வாணிகத்தில் விதித்த வரியைக் கொண்டு எழுந்தது. மிளகு தேடி இந்தியா வந்த வாஸ்கோ ட காமாவின் கல்லறையும் அங்கேதான். மிளகு விளையும் கரைக்குப் பக்கத்திலிருந்து வந்தவர் என்பதற்காக நுழைவுக் கட்டணத்தில் சலுகை ஏதும் கிடைப்பதில்லை.

உணவகத்தில் காத்திருப்பது 'கூவேர்'. பயணி அமர்ந்ததும், கேளாமலே, ரொட்டி, உப்பிலிட்ட ஆலிவ் காய், சிறு பாலாடைக்கட்டி ஆகியவற்றை மேசையில் வைத்துவிட்டுப் பரிமாறுபவர் புன்னகையோடு அகல்கிறார். இலையில் விழுந்ததை மிச்சம் வைப்பது அவமரியாதை என்று வளர்ந்த தமிழர், அதை உபசாரமாகக் கொண்டு, ஆலிவ் கொட்டைகளைத் தட்டின் ஓரத்தில் அடுக்கி முடிக்கிறார். பிறகு பில்லில் ரொட்டி தனி, காய் தனி, கட்டி தனி என்று மூன்று வரிகள் வருகின்றன. தொடாதவற்றுக்குக் காசு தரவேண்டியதில்லை என்பது உண்மையே ஆனாலும், மலையேறி வந்த வயிற்றுக்கு முன் ரொட்டியை வைத்துவிட்டு அந்த விதியை நினைவுகூரச் சொல்வது அறமாகாது.

அருகிலுள்ள சிந்த்ரா மலையில், பாழடைந்த மடமொன்றை வாங்கி 19ஆம் நூற்றாண்டில் மன்னர் இரண்டாம் பெர்னாந்து எழுப்பிய பேனா அரண்மனை மஞ்சளும் சிவப்புமாக நிற்கிறது, அல்லது நிற்பதாகச் சொல்கிறார்கள். கடற்காற்று மலையில் ஏறிக் குளிர்ந்து மூடுபனியாகும் நாள்களில் நுழைவுச்சீட்டில் அச்சிட்ட நேரம் மட்டுமே தெளிவாகத் தெரியும். ஐரோப்பிய நிலப்பரப்பின் மேற்குக் கோடியான காபோ ட ரோக்காவில், காற்றில் தொப்பியைப் பறிகொடுத்தவருக்கு, அவ்வளவு தூரம் வந்ததற்கான சான்றிதழ் விலைக்குக் கிடைக்கிறது. அது பள்ளியிறுதிச் சான்றிதழைவிட அழகானது, பாடமும் எளிது.

லிஸ்பன் செல்ல எண்ணுவோர் காலையிலேயே வண்டியில் குன்றின் உச்சிக்குப் போய், நாள் முழுவதும் இறங்குமுகமாகவே சுற்றுக; ரப்பர் அடியுள்ள காலணி அணிக; முழங்கால் தைலத்தை ஊரிலிருந்தே எடுத்துச் செல்க.