சார்ஜர் பார்க்கும் படலம்

பெட்ரோல் கார் வாங்குகிறவனிடம் "பங்க்கை எந்தப் பக்கம் வைக்கப் போறீங்க?" என்று யாரும் கேட்பதில்லை. நான் மின்சாரக் காருக்கு முன்பணம் கட்டிய செய்தி கசிந்ததும், வேளச்சேரியில் எங்கள் அடுக்ககத்தில் பால்காரர் உட்பட எல்லோரும் கேட்டது ஒன்றே: "வீட்டுல என்ன சார்ஜர் போடப் போறீங்க?" காரின் நிறம்கூட யாருக்கும் தேவைப்படவில்லை. கேட்ட எல்லோரிடமும் பதிலும் தயாராக இருந்தது என்பதுதான் விசேஷம்.

முதல் ஆலோசனை டெக்சஸிலிருந்து வந்தது. வீடியோ காலில் மச்சினன் தன் கராஜ் சுவரைக் காட்டினான். "மாமா, சாதா பிளக்ல போட்டா நாள் கணக்கா ஆகும். கண்ணை மூடிட்டு வால்பாக்ஸ் வாங்கிடுங்க." அவன் ஊருக்கு அது நூற்றுக்கு நூறு சரி. அமெரிக்க வீட்டின் சாதாரண பிளக்கில் வருவது 120 வோல்ட். மணிக்கு ஒன்றரை யூனிட்டைத் தாண்டாது. நமக்கோ அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு, 230 வோல்ட். கீசருக்குப் போட்டிருக்கும் 15 ஆம்ப் பிளக்கிலேயே 3.3 கிலோவாட் கிடைக்கும். ராத்திரி ஒன்பதுக்குச் செருகினால் காலை ஆறுக்குள் முப்பது யூனிட்டை இழுத்துவிடும். சின்னக் கார் ஒன்றின் மொத்த பேட்டரியே ஏறக்குறைய அவ்வளவுதான். இந்த ஒரு விஷயத்தில் நாம் அமெரிக்காவை முந்தியிருக்கிறோம் என்று பெருமையாக எடுத்துச் சொன்னேன். நெட்வொர்க் சரியில்லை என்று வைத்துவிட்டான்.

அடுத்து கடை. 3.3, 7.2, 11, 22 என்று கிலோவாட் வாரியாகப் பெட்டிகள் சுவரில் தொங்கின. விற்பனை செய்யும் தம்பி நேராக 22-க்குக் கூட்டிப் போனார்.

"ஃப்யூச்சர் ப்ரூஃப் சார். ஆப் இருக்கு, வைஃபை இருக்கு, கார்டு காட்டினாத்தான் வேலை செய்யும்."

"தம்பி, இது 22 கிலோவாட்டைக் காருக்குள்ள ஏத்திடுமா?"

"இது ஏத்தும் சார். கார் வாங்கிக்கணும்ல?"

அந்தக் கடையில் எனக்குக் கிடைத்த ஒரே உண்மை இதுதான். சுவரில் மாட்டும் பெட்டியைச் சார்ஜர் என்கிறோமே தவிர, அசல் சார்ஜர் காருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. வீட்டுக்கு வருவது ஏசி மின்சாரம். பேட்டரிக்கு வேண்டியது டிசி. மாற்றித் தரும் வேலை காரினுடைய ஆன்போர்டு சார்ஜருக்கு. பெட்டி செய்வது, எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, "இந்த லைனில் இத்தனை ஆம்ப்தான் இழுக்கலாம்" என்று ஒரு சின்னக் கம்பி வழியாகக் காருக்குத் தகவல் சொல்லி, 'டக்' என்று சுவிட்சைப் போடுவது. கல்யாண வீட்டில் பந்தி வாசலில் நின்று "இன்னும் நாலு பேர் வாங்க" என்று ஆள் அனுப்புகிறவர் அவர். சமையல்காரர் உள்ளே இருக்கிறார். நான் பார்த்து வைத்த கார் 7.2 கிலோவாட்டுக்கு மேல் வாங்காது. வீட்டுக்கு வருவதோ சிங்கிள் ஃபேஸ். 11-உம் 22-உம் த்ரீ ஃபேஸ் இருந்தால்தான். ஆக, 22 வாங்கினால் அதில் 7.2 போக மிச்சமெல்லாம் சுவருக்கு அலங்காரம்.

அந்த 7.2-உம் லேசுப்பட்டதில்லை. அது இழுக்கும் 32 ஆம்ப், பல ஃபிளாட்டுகளில் மொத்த வீட்டுக்கும் சேர்த்துக் கொடுத்திருக்கும் அளவு. கார் சார்ஜ் ஏறும்போது மாமனார் ஏசியைப் போட்டு, மனைவி கீசரையும் போட்டால் மெயின் ட்ரிப் ஆகிவிடும். அதன் பிறகு ட்ரிப் ஆகப்போகிறவர்கள் யார் என்று சொல்லத் தேவையில்லை. ஈபியில் லோடு கூட்டி வாங்காமல் இதைத் தொடக்கூடாது.

மனைவியின் கவலை ஆம்ப் பற்றியதல்ல. "ஐநூறைத் தாண்டிடுமா?" என்றாள். தமிழ்நாட்டில் ரெண்டு மாசக் கணக்கில் 500 யூனிட் என்பது லட்சுமணன் போட்ட கோடு. தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழே இருக்கிற யூனிட்டுகளில் சிலவற்றுக்கும் விலை ஏறிவிடும். நாளைக்கு முப்பது கிலோமீட்டர் ஓட்டினால் ஐந்து யூனிட், ரெண்டு மாதத்தில் முந்நூறு. தாண்டத்தான் செய்யும். பில்லில் மூவாயிரம் ரூபாய் வாக்கில் கூடும், ஆனால் அதே தூரத்துக்குப் பெட்ரோல் பன்னிரண்டாயிரம் ஆகும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். "பெட்ரோல் காசு உங்க பாக்கெட், கரண்ட் பில் என் பட்ஜெட்" என்று பதில் வந்தது. இதற்கு எந்தப் பொருளாதார மேதையிடமும் விடை இருக்காது.

அடுத்து எங்கள் அடுக்ககச் சங்கத்தின் செயலாளரிடம் போனேன். பார்க்கிங்கில் பிளக் வைக்க அனுமதி வேண்டும் என்றேன். "வெடிச்சா யார் சார் பொறுப்பு?" என்றார், நாற்பது லிட்டர் பெட்ரோல் நிரம்பிய தன் காரில் சாய்ந்துகொண்டு. வீட்டில் ஏற்கெனவே உள்ள இணைப்பிலிருந்தே காரைச் சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று மத்திய மின்துறை அமைச்சகம் 2022 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். "மத்திய அரசு சொல்லும் சார். ஜெனரல் பாடி சொல்லணும்ல?"

ஜெனரல் பாடியில் லிஃப்ட் சத்தம், மாடிச்செடித் தண்ணீர் இரண்டும் முடிந்து என் விஷயம் வருவதற்குள் பாதிப் பேர் சீரியல் பார்க்கக் கிளம்பியிருந்தார்கள். காமன் மீட்டரைத் தொடாமல், மாடிப்படிக்குக் கீழே இருக்கும் என் மீட்டரிலிருந்தே தனி லைன் இழுத்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு தீர்மானம் நிறைவேறியது. நானும் அதைத்தான் கேட்டிருந்தேன்.

கடைசியாக எலக்ட்ரீஷியன். அவரைத்தான் முதலில் கூப்பிட்டிருக்க வேண்டும் என்று இப்போது எல்லோருக்கும் சொல்லி வருகிறேன். வந்தவர் கீசர் பிளக்கைக் கழற்றினார். மேலே மூன்று ஓட்டை. உள்ளே ரெண்டு ஒயர்தான். எர்த் ஓட்டை வெறும் அழகுக்கு. "கீசர் இத்தனை வருஷம் ஓடிச்சே?" என்றேன். "கீசர் கேக்காது சார். கார் கேக்கும்" என்றார். எர்த் இல்லையென்றால் கார் சார்ஜர் சிவப்பு விளக்கைப் போட்டு அடம்பிடித்துவிடும். அது அடம்பிடிப்பதே நம் உயிருக்காகத்தான். அதோடு, கீசர் ஓடுவது கால் மணி நேரம், கார் விடிய விடிய இழுக்கும். லொடலொடத்த பிளக்கும் மெல்லிய ஒயரும் அந்தச் சூட்டில் உருகிவிடும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் என்ற பேச்சே கூடாது.

பிளக்கை எந்த உயரத்தில் வைப்பது என்று கேட்டேன். டேப்பை எடுக்காமல் தூணைப் பார்த்தார். 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 மிக்ஜாம் புயலும் போட்டுவிட்டுப் போன கறைகள் இருந்தன. மேல் கறைக்கும் ஒரு முழம் மேலே பென்சிலால் கோடு போட்டார். கடைத் தம்பி பெருமையாகச் சொன்ன ஐபி65, பீய்ச்சியடிக்கும் தண்ணீரைத் தாங்கும், மூழ்கினால் தாங்காது. வேளச்சேரியில் அந்த வித்தியாசம் முக்கியம்.

முடிவில் வாங்கியது: காரோடு இலவசமாக வந்த 3.3 கிலோவாட் சார்ஜருக்கு ஒரு கனமான இண்டஸ்ட்ரியல் சாக்கெட், தனி எம்சிபி, 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி, புதிதாகத் தோண்டிய எர்த். பின்னால் 7.2 வேண்டுமென்றால் மறுபடி சுவரை உடைக்காமலிருக்க 6 ஸ்கொயர் எம்எம் செப்பு ஒயர். ஆப் இல்லை, வைஃபை இல்லை. எங்கள் பார்க்கிங்கில் போனுக்கே சிக்னல் கிடையாது.

கார் ஷோரூமுக்குப் போகும் முன் ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதித்துவிடுங்கள். பெட்டிக்கு ஒதுக்கிய பணத்தை ஒயருக்குக் கொடுங்கள். செயலாளருக்கு மட்டும் ஆறு மாதம் முன்னதாகவே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.