பின்பற்றியல்

மாணாக்க, கேள். மிதிவண்டி ஓட்டுவது ஒரு திறம். ஓட்டக் கற்பிப்பது வேறொரு திறம். முன்னது காலால் அமைவது. பின்னது கையாலும் மூச்சாலும் வாயாலும் அமைவது. முன்னதற்கு ஒரு வண்டியும் ஒரு தெருவும் போதும். பின்னதற்கு ஓர் ஆசான் வேண்டும் என்று உணர்ந்து வில்லாபுரம் ஹவுசிங் போர்டுக்கு வந்து சேர்ந்தாய். நன்று செய்தாய்.

இத்துறைக்குப் பின்பற்றியல் என்று பெயர். பின்பற்றுதல் என்பதை ஒருவர் காட்டிய வழியில் நடத்தல் என்னும் பொருளில் மக்கள் ஆள்கின்றனர். அது வழிவந்த பொருள். இருக்கையைப் பின்புறமாகப் பற்றிக்கொண்டு உடன் ஓடுதலே நேர்ப்பொருள் எனத் துணிக. அவ்வாறு ஓடுபவர் பின்பற்றுநர். வண்டிமேல் இருப்பவர் ஏறுநர். இருவரையும் திண்ணையிலிருந்து பார்த்துக் குறை சொல்பவர் புறநோக்கர்.

1. பின்பற்றுநர் வகை

பின்பற்றுநர் இருவகையர்: ஏட்டார், ஏடிலார்.

ஏட்டார் என்போர் சான்றிதழ் உடையோர். நம் நாட்டில் இவர்தம் தலையாய கல்விநிலை பட்டியாலாவிலுள்ள நேதாஜி சுபாஷ் தேசிய விளையாட்டு நிறுவனம். 1961-இல் அந்நகர் மன்னரின் பழைய மோதிபாக் அரண்மனையில் தொடங்கப்பெற்றது. பயிற்றுநர்க்கான பட்டயமும் உண்டு. ஆறு கிழமையில் முடியும் சான்றிதழும் உண்டு. தசை எவ்வாறு களைக்கிறது, மூச்சு எவ்வாறு மீள்கிறது, ஓராண்டுப் பயிற்சியைத் திங்கள் திங்களாக எவ்வாறு பகுப்பது என்பனவற்றை அங்கே அமர்ந்து கற்பர். அமர்ந்து என்பதைக் குறித்துக்கொள்.

ஏட்டார்க்கெல்லாம் மேலான மன்றம் பன்னாட்டு மிதிவண்டி ஒன்றியம். 1900-இல் பாரிசில் தோன்றி, இன்று சுவிட்சர்லாந்தின் ஏகிள் என்னும் சிற்றூரில் வாழ்கிறது. பந்தய வண்டி 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்பது அதன் நெறி. சுமைதாங்கி, தாங்குகால், சங்கிலி உறை, மணி, பின்னால் கட்டிய அரிசிப் பை ஆகியவற்றோடு ஓடும் வில்லாபுரத்து வண்டிகள் இந்நெறியை ஒருநாளும் மீறியதில்லை.

ஏடிலார் மூவகையர். உறவின் ஏடிலார்: தந்தை, தாய்மாமன், அண்ணன். கடையின் ஏடிலார்: மணிக்கணக்கில் வண்டியைக் கூலிக்கு விடுபவர்; இவர் ஏறுநர் மேலுள்ள அன்பினால் அன்று, வண்டியின் முன்கவை மேலுள்ள அன்பினால் உடன் ஓடுபவர். இவ்வகையினர் அருகிவிட்டனர். வழியின் ஏடிலார்: யாரும் கேளாமலே வந்து "நேரா பாரு, நேரா பாரு" என்பவர். இவர் ஒருநாளும் அருகார்.

நன்னூலார் ஆகாத ஆசானுக்குச் சொன்ன நான்கு ஒப்புமைகளுள் முடத்தெங்கும் ஒன்று. நீர் வார்த்தவர் ஒருவர். அது வளைந்து காய் உதிர்ப்பதோ அடுத்தவர் முற்றத்தில். நம் துறையில் இது, தன் மகளைப் படியில் நிற்கவைத்துவிட்டு எதிர்வீட்டுப் பிள்ளையின் பின்னால் ஓடும் தந்தையைக் குறிக்கும். இத்தகையோர் மூவர் நம் தெருவிலேயே உளர்.

இனி, ஏட்டாருள்ளும் அடங்காமல் ஏடிலாருள்ளும் அடங்காமல் என்னை நெடுநாள் மயக்கிய ஒரு கூட்டத்தார் உளர். 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு மிதிவண்டியும் கற்பித்தது. ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணைநின்றார். வண்டி வாங்கக் கடன் கிடைக்க வழிசெய்தார். ஊரறிய நடந்த மிதிவண்டி விழாக்களில் 70,000 பெண்களுக்கு மேல் ஓட்டிக் காட்டினர். பெண்டிர்க்கான வண்டிகள் போதாமையால் ஆடவர் வண்டியிலும் ஏறினர். அதன் குறுக்குத் தண்டில் குழந்தையை அமர்த்தலாம் என்று கண்டு அதையே விரும்பினாரும் உளர். நமக்கு வேண்டுவது வேறொன்று: கற்றவர் கற்றவுடன் அடுத்தவரின் இருக்கையைப் பற்ற ஓடினார். சென்ற கிழமை ஏறுநர், இக்கிழமை பின்பற்றுநர். இவரிடம் சான்றிதழ் இல்லை, ஆதலின் ஏட்டார் அல்லர். கையில் எழுத்தறிவு ஏடு இருந்தது, ஆதலின் ஏடிலாரும் அல்லர். ஆகவே இவரை நடுவேட்டார் என வகுத்தேன். இதனை மறுப்பார் எழுதி அனுப்புக.

2. பற்றுகை

பற்றுகை நான்கு: இருக்கைப் பற்று, சுமைதாங்கிப் பற்று, கைப்பிடிப் பற்று, தோட்பற்று.

முதலிரண்டும் யாவரும் அறிந்தன. மூன்றாவது விலக்கப்பட்டது. ஏன் எனின், மிதிவண்டி விழாமல் நிற்பது பெரும்பாலும் ஒரு நுட்பத்தால்: எப்பக்கம் சாய்கிறதோ அப்பக்கமே முன்னுருளியைச் சிறிது திருப்பினால், வண்டி தன் சாய்வின் அடியில் தானே போய் நிற்கும். ஏறுநரின் கை இதை உணர்வதே கல்வி. பின்பற்றுநர் கைப்பிடியை இறுகப் பற்றினால் இருவர் கையும் ஒன்றையொன்று மறுக்கும்; வண்டி இரண்டையும் மறுக்கும். நான்காவதாகிய தோட்பற்றில் வண்டியைத் தொடாமல் ஏறுநரின் தோளை மட்டும் பற்றுவர். சிறந்தது இதுவே. ஆயினும் குனியாமல் ஓடுவதால் இதில் உழைப்பு வெளித்தெரியாது; ஆகவே உறவின் ஏடிலார் இதை விரும்பார்.

இருக்கையைக் கால் நிலத்தில் ஊன்றும் அளவு தாழ்த்தி, மிதிகட்டைகளைக் கழற்றிவிட்டுக் காலால் உந்தப் பழக்குவது ஏட்டார் நெறி. 1817-இல் செருமானியர் கார்ல் டிரைசு செய்த முதல் வண்டிக்கு மிதிகட்டையே இல்லை என்பது இதற்குச் சான்று. கழற்றிய மிதிகட்டைகளை எங்கே வைத்தோம் என்று தேடுவது இந்நெறியின் இரண்டாம் நிலை.

உயரம் போதாச் சிறுவர், சட்டத்தின் முக்கோணத்துள் ஒரு காலை விட்டு ஓட்டுவது இடைநுழை மிதி. ஊரார் குரங்குப் பெடல் என்பர். இது பின்பற்றுநர் இன்றியே கைவருவது. ஆதலால் நம் துறைக்குப் பகை, மேலும் பேசோம்.

3. விடுகை

இந்நூலின் உயிர் இவ்வியல். பற்றத் தெரிந்தோர் பலர்.

விடுகை நான்கு. (அ) சொல்விடுகை: "விடப் போறேன்" என்று சொல்லி விடுதல். கேட்டவுடன் ஏறுநர் திரும்பிப் பார்ப்பார், பார்த்தவுடன் விழுவார். (ஆ) ஒளிவிடுகை: சொல்லாது விடுதல். (இ) மறவி விடுகை: கைப்பேசி ஒலித்தபோதோ தேநீர் வந்தபோதோ கை தானே விடுதல். (ஈ) இயலா விடுகை: மூச்சு முட்டி விடுதல். நாற்பது கடந்தோர் செய்யும் ஒளிவிடுகைகளுள் பெரும்பாலன இந்நான்காம் வகையினவே. யாரேனும் வினவின் ஒளிவிடுகை என்றே விடை கூறுக.

ஒளிவிடுகைக்கு உறுதுணை பற்றுப்பொய். அதன் வாய்பாடு "பிடிச்சுத்தான் இருக்கேன்" என்பது. தொலைவு பற்றி அது மூவகைப்படும்.

அண்மைப் பொய் ஐந்து அடி வரை. குரலை மாற்ற வேண்டா. செருப்போசை தொடர்ந்தால் போதும். இதற்காக நின்ற இடத்திலேயே காலடித்தல் நிலையோட்டம் எனப்படும், நாள்தோறும் பழகுக.

இடைமைப் பொய் ஐந்து முதல் இருபது அடி வரை. மிகக் கடிது. குரலை உயர்த்தவும் வேண்டும். உயர்த்திய குரல் காதருகே கேட்பது போலவும் இருக்க வேண்டும். மதுரையில் மீன் விற்போர்க்கு இது இயல்பாக வரும். ஏனையோர் வைகையின் வறண்ட மணலில் நின்று பழகலாம்.

சேய்மைப் பொய் இருபது அடிக்கு மேல். இது ஏறுநர் செவிக்கு எட்டாது. எட்டாதெனினும் சொல்லுதல் நெறி.

இம்மூன்றிலும் அடங்காத நான்காவது ஒன்றை நானே கண்டறிந்தேன். என் தமக்கை மகளுக்கு அவனியாபுரம் செல்லும் வழியருகே ஒரு விடியலில் பயிற்சி நடந்தது. "மாமா, விட்றாதீங்க மாமா!" என்றாள். "பிடிச்சுத்தான் இருக்கேன் பாப்பா, முன்னால பாரு" என்றேன். அண்மை, இடைமை, சேய்மை மூன்றும் முறையே கடந்தன. மின்மாற்றி அருகே தெரு வளைவதை நான் கணக்கில் கொள்ளவில்லை. அவள் வளைந்து, எதிர்த்தெரு வழியே சுற்றி, முழந்தாளில் கையூன்றி நின்ற என் முன்னே நேராக வந்தாள். அப்போதும் நான் வாய்பாட்டைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"யாரைப் பிடிச்சிருக்கீங்க மாமா?" என்று கேட்டுக் கடந்து போனாள்.

இது எதிர்ப்படு பொய். ஏறுநர் முன்னின்று வரும்போது பின்னின்று பற்றியிருப்பதாகச் சொல்வது. இதற்கு மறுமொழி இதுவரை வகுக்கப்படவில்லை.

4. விழுகை

இடவீழ்ச்சி, வலவீழ்ச்சி, முன்வீழ்ச்சி, சாக்கடை வீழ்ச்சி எனப் பலவாம். விரிப்பின் பெருகும். பின்பற்றுநர் விழுவதும் விழுகையே என்று மட்டும் கொள்க.

5. ஒழிபு

புறநோக்கர்க்கு மறுமொழி கூறற்க. பயிற்சிக் கூலி உளுந்துவடை இரண்டு. ஏறுநர் விழுந்த நாளில் ஒன்று.

தேர்வு மூன்று பகுதி: ஏடு, ஓட்டம், குரல். குரல் தேர்வில் தேர்வாளர் தெருமுனையில் கண்மூடி அமர்ந்திருப்பார். நீ வாய்பாட்டைச் சொல்லிக்கொண்டே பின்னோக்கி நடப்பாய். நீ நிற்கும் தொலைவை அவர் பாதியாக மதித்தால் தேறினாய்.

வரும் ஞாயிறு காலை 6 மணிக்கு வா. வண்டி நீயே கொண்டு வருக. இரண்டு உருளியிலும் காற்று இருத்தல் வேண்டும். பின்னதில் சற்றுக் குறையினும் ஏற்கப்படும்.