ரொட்டிக் கடையில் தொலைந்த 'ஆல்': ஜெர்மன் நிபந்தனை வாக்கியம் குறித்த ஓர் ஆய்வு

1. நோக்கம்

ஜெர்மன் மொழியில் நிபந்தனை வாக்கியத்தை எப்படி அமைப்பது என்று இலக்கணிகள் ஆராய்ந்து தள்ளிவிட்டனர். அதை யார், எங்கே சொல்கிறார்கள் என்று எட்டிப் பார்க்க அவர்களுக்கு நேரமில்லை. அக்குறையை இக்கட்டுரை நீக்கும். (முன்பே நீங்கியிருக்கும், இக்கட்டுரையாளர் தம் நூலை எழுதியிருந்தால்.)

2. வகைகள்

நிபந்தனை நான்கு வகைப்படும்.

அ) நடக்கக்கூடியது. 'மழை பெய்தால் வீட்டில் இருப்பேன்.' முன்னால் 'வென்' போட்டு, அந்தப் பகுதியின் வினையைக் கடைசிக்குத் தள்ளினால் போதும். எல்லோருக்கும் புரிவதால் ஆய்வுக்கு உதவாது.

ஆ) நடக்காதது. இதற்குரியது இரண்டாம் கொன்யுங்க்டிவ் என்னும் வினைவடிவம். வல்வினையின் (உள்ளே உயிர் மாறி இறந்தகாலம் காட்டுவதன்) இறந்தகால வடிவத்தை எடுத்து, உயிரெழுத்து இடங்கொடுத்தால் அதன் தலையில் இரு புள்ளி வைத்து, ஈற்றில் எகரம் சேர்க்க வேண்டும். 'காம்' என்றால் வந்தான். 'கேமெ' என்றால் வந்தால். தமிழில் ஒரு புள்ளி வைத்தால் எழுத்து மெய்யாகிறது. ஜெர்மனில் இரண்டு வைத்தால் நடந்தது பொய்யாகிறது. மெல்வினைகளுக்கு அந்தப் புள்ளியும் இல்லை. 'மாக்டெ' என்பது 'செய்தான்' என்பதா, 'செய்தால்' என்பதா என்று தனியே கேட்டால் தெரியாது. இந்த இடரைத் தீர்க்க 'வ்யூர்டெ' என்ற துணைவினை இருக்கிறது. பக்கத்தில் வினையை அப்படியே நிறுத்தினால் வேலை முடிந்தது. இவ்வளவு சுலபமாக முடியலாமா? 'வென்' வரும் பகுதியில் 'வ்யூர்டெ' வரலாகாது என்று பள்ளிக்கூட விதி தடுக்கிறது. பேசுகிறவர்கள் அதைச் சட்டை செய்வதில்லை.

இ) நடந்திருக்க வேண்டியது. 'ஹெட்டெ' அல்லது 'வேரெ' சேர்த்துச் சொல்வது. ரயிலைத் தவறவிட்டவர்க்கு உரியது. அளவுக்கு மீறிப் புலம்புபவரை 'ஹெட்டெ, ஹெட்டெ, ஃபாராட்கெட்டெ' என்று எதுகை போட்டு வாயடைப்பர். பின்னது சைக்கிள் சங்கிலி. 2013-இல் சான்சலர் பதவிக்குப் போட்டியிட்ட பேர் ஸ்டைன்ப்ரூக் இதைச் சொன்னார்; அவ்வாண்டுத் தேர்தலில் தோற்று, இவ்வகைக்கு எடுத்துக்காட்டும் ஆனார்.

ஈ) ரொட்டிக் கடை நிபந்தனை. இதுவே நம் பொருள்.

3. ரொட்டிக் கடை நிபந்தனை

வாடிக்கையாளர் 'இஷ் ஹெட்டெ கெர்ன் ட்ஸ்வை ப்ரோட்சென்' என்கிறார்: 'இரண்டு ரொட்டி இருந்தால் மகிழ்வேன்' என்பது போல. பிறகு 'தாஸ் வேர்ஸ்' என்கிறார்: அவ்வளவுதான். விற்கும் பெண்ணோ விலையைக்கூட 'வேரென்' போட்டே சொல்கிறார். ஹெட்டெ, வேர்ஸ், வேரென் மூன்றும் இரண்டாம் கொன்யுங்க்டிவ்: வியாபாரம் முழுதும் நடக்காத உலகில் நடக்கிறது, ரொட்டி மட்டும் சுடுகிறது.

இங்கே எழும் வினா: இந்த ஹெட்டெவுக்கு உரிய 'ஆல்' எங்கே? 'தங்களுக்குச் சிரமமில்லை என்றால்' என்பது தொக்கி நிற்கிறது என்பாரும், 'என்னிடம் காசிருந்தால்' என்பாரும் உளர். மரியாதைக்குச் சொல்வது, 'ஆல்' ஏதும் தேவையில்லை என்பார் ஆய்வாளர் அல்லர். ரொட்டி வாங்க வந்தவர்.

நம் முடிபு வேறு. தொலைந்த பகுதி 'நீங்கள் ரொட்டி சுட்டால்' என்பதே. சுடுதலைக் குறிக்கும் 'பாக்கென்' என்னும் வினையின் பழைய இறந்தகாலம் 'பூக்'. அதற்கு இரு புள்ளி வைத்தால் 'ப்யூகெ'. 'வ்யூர்டெ'யைப் பள்ளிக்கூடம் தடுத்துவிட்டதால் 'ப்யூகெ' என்றே சொல்லியாக வேண்டும். அதை வாய்விட்டுச் சொல்ல ரொட்டி சுடுபவருக்கே கூச்சம். ஆகவே அந்தப் பகுதி முழுவதையும் நாடே விழுங்கிவிட்டது. (காண்க: இக்கட்டுரையாளர் எழுதியிருக்கக்கூடிய 'நிபந்தனைக் களஞ்சியம்', தொகுதி 2, அச்சேறியிருந்தால் பக்கம் 412.)

'ப்யூகெ'யின் உறவினர் பலர். உதவுதலுக்கு 'ஹ்யூல்ஃபெ', சாதலுக்கு 'ஷ்ட்யூர்பெ'. 'ஹெல்ஃபெ' என்று அமைத்தால் நிகழ்காலத்தோடு காதில் குழம்பும் என்பதால், பழைய பன்மை வடிவத்தின் உகரத்தைத் தோண்டி எடுத்தனர். குழப்பம் தீர்ந்தது, சொல்வாரும் அருகினர். (மேற்படி, தொகுதி 7, பிற்சேர்க்கை ஈ, அடிக்குறிப்பு 93, அதை மறுத்து இவரே புனைபெயரில் எழுதியிருக்கக்கூடிய மதிப்புரை, அம்மதிப்புரைக்கு இவரே தந்திருக்கக்கூடிய சூடான பதில். தம்மையே மேற்கோள் காட்டுவது இத்துறையின் மரபு.)

வல்வினை, மெல்வினை என்ற பகுப்புக்குப் பெயரிட்டவர் யாக்கோப் கிரிம். அவரும் தம்பி வில்ஹெல்மும் 1838-இல் ஏற்ற ஜெர்மன் அகராதிப் பணியின் முதல் தொகுதி 1854-இல் வந்தது. யாக்கோப் 1863-இல் 'ஃப்ருஹ்ட்' என்ற சொல்லருகே இறந்தார். அகராதி முடிந்தது 1961-இல். இன்னும் 98 ஆண்டு இருந்திருந்தால் அவரே முடித்திருப்பார். நம் ஆய்வேடுகளுக்குக் காலநீட்டிப்புக் கேட்போர் இதைச் சான்றாக இணைக்கலாம்.

4. மேலாய்வுக்கு

காலை ஏழரை மணி, வரிசை வாசலைத் தாண்டிய வேளையில், ஓர் ஆய்வாளர் கடைக்குள் போய், 'தாங்கள் ரொட்டி ப்யூகென் எனில், எனக்கு இரண்டு இருந்தால் மகிழ்வேன்' என்று வாக்கியத்தை முழுதாகச் சொல்லிப் பார்க்க வேண்டும். அவர் திரும்பி வந்தால் முடிவுகளை வெளியிடுவோம். 'திரும்பி வந்திருந்தால்' என்று எழுத நேர்ந்தால், அவரை மூன்றாம் வகையில் சேர்த்துக்கொள்க.