அப்பத்தா கூவிய சொல்

எங்கள் ஊர் வடகாடு, ஆலங்குடி வட்டம். சித்திரை பிறந்துவிட்டால் பலா வாசனை வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். விடியலிலேயே அப்பத்தா நாலைந்து பழங்களைப் பஸ் மேலே ஏற்றிக்கொண்டு புதுக்கோட்டைக்குக் கிளம்பிவிடுவாள். எண்பதுகளில், பள்ளிக்கூடம் லீவு விட்டால் நானும் கூடப் போவேன்.

கீழ ராஜ வீதியில் கடைகளைத் தாண்டும்போது, "வருக்கைப் பலா, வருக்கை!" என்பாள். வீடுகள் இருக்கும் தெருவுக்குள் திரும்பியதும் வருக்கை காணாமல் போய்விடும். "உரிச்ச சுளை, உரிச்ச சுளை" என்று குரல் மாறும். ஏன் என்று கேட்டேன். "கடைக்காரன் முழுப் பழம் எடுப்பான், அவனுக்கு ரகம் தெரியணும். வீட்டுப் பொம்பளைக்குக் கையில பால் ஒட்டக் கூடாது. அவகிட்ட சுளையைத்தான் சொல்லணும்டா."

திண்ணையில் சாக்கை விரித்து, கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவிக்கொண்டு, பழத்தில் முக்கோணமாக ஒரு துண்டு வெட்டி எடுப்பாள். அந்தத் துளை வழியே மஞ்சள் தெரியும். பார்த்தவர்கள் அதன் பிறகு அதிகம் பேரம் பேசுவதில்லை.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வந்தது. இரண்டு தலைமுறை கண்ட மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. எங்கள் தோப்பில் தப்பியவை கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தையும் கமிஷன் கடைக்கு அனுப்பாமல் நேராக விற்க வேண்டும் என்று தம்பி மகன் பிடிவாதமாக நின்றான். "பெரியப்பா, நீங்க கம்ப்யூட்டர்லதானே இருக்கீங்க, ஒரு பக்கம் போட்டுக் குடுங்க" என்றான்.

போட்டுக் கொடுத்தேன். தலைப்பு: 'இயற்கை பலாப்பழம்'. ஒரு போன்கூட வரவில்லை. தேடலில் பக்கத்தை மேலே கொண்டுவருவதற்கென்றே இருக்கும் ஒரு நிறுவனத்திடம் பணம் கட்டினோம். அவர்கள் பக்கத்தின் அடியில் வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாகப் 'பலாப்பழம்' என்ற சொல்லை வரிவரியாக நிரப்பி வைத்தார்கள். பக்கத்தின் மறைவான இடத்தில் குறிச்சொல் பட்டியல் ஒன்றும் எழுதினார்கள். அந்தப் பட்டியலைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது. ஒளித்து வைத்த எழுத்தோ பக்கத்தையே கீழே தள்ளிவிடக் கூடியது. தெரியாத விவசாயியிடம் இப்படிக் காசு வாங்குவதை என்னால் இன்றும் பொறுக்க முடியவில்லை.

அதையெல்லாம் அழித்துவிட்டு முதலிலிருந்து யோசித்தேன். 'பலாப்பழம்' என்று மட்டும் தேடுகிறவர் யார்? சர்க்கரை நோயாளி சாப்பிடலாமா என்று பார்ப்பவர், பாயசம் செய்யக் கற்பவர், பள்ளியில் கட்டுரை எழுதும் பிள்ளை. பழம் வாங்க வருகிறவர் அந்தக் கூட்டத்தில் ஒருவரோ இருவரோதான். அதோடு பலா என்றாலே பண்ருட்டிதான் முதலில் வந்து நிற்கும். அந்த ஒற்றைச் சொல்லுக்காகப் பெரிய கடைகளோடு மோதி எங்களால் ஜெயிக்க முடியாது.

அதனால் தம்பி மகனை ஒரு நோட்டு போடச் சொன்னேன். தெரிந்தவர்கள் மூலம் பழம் கேட்டு வரும் போன்களில் அவர்கள் சொல்லும் முதல் வாக்கியத்தை அப்படியே எழுத வேண்டும். 'உரிச்ச சுளை கிடைக்குமா', 'வெட்டித் தருவீங்களா', 'ஆலங்குடி பக்கம் பலா எங்க வாங்கலாம்', 'பலாக்கொட்டை மட்டும் குடுப்பீங்களா'. நோட்டு நிரம்பியபோது தலைப்பை மாற்றினேன்: 'உரித்த பலாச்சுளை, ஆலங்குடி, புதுக்கோட்டை மாவட்டம்'. மாவட்டம் என்ற சொல் வேண்டும், தூத்துக்குடி பக்கத்திலும் ஒரு புதுக்கோட்டை இருக்கிறது. நீளமான சொற்றொடரைத் தேடுகிறவர்கள் குறைவு, ஆனால் அவர்கள் கையில் பையோடு நிற்பவர்கள். கொட்டைக்குத் தனிப் பக்கம் போட்டேன், பிஞ்சுக்குத் தனி. சமைக்கிறவர் வேறு, சாப்பிடுகிறவர் வேறு. ஆங்கில எழுத்தில் புதுக்கோட்டையை ஒரு 'கே' போட்டு அடிப்பவர்களும் உண்டு, இரண்டு போடுபவர்களும் உண்டு. அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை, தேடுபொறி பெரும்பாலும் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும்.

போன் வர ஆரம்பித்தது. மழை போல இல்லை, தூறல் போல. அந்தக் கொஞ்சம் மரங்களுக்கு அது போதும்.

எந்தச் சொல்லைத் தேடியபோது நம் பக்கம் கண்ணில் பட்டது, எதற்கு அழுத்தினார்கள் என்று கூகுளின் சர்ச் கன்சோல் காட்டும். வாரம் ஒருமுறை அதைப் பார்ப்பேன். அப்பத்தாவுக்கு வாசலில் நிற்கும் முகம் தெரிந்தது, அதே மூச்சில் சொல்லை மாற்றிக்கொண்டாள். எனக்கு முகம் இல்லை, இந்தப் பட்டியல்தான்.

பட்டியலில் 'சுளை' மேலே ஏறிக்கொண்டே போகிறது. 'வருக்கை' அடியில் கிடக்கிறது. அந்தச் சொல்லை இளையவர்கள் அடிப்பதில்லை, பாதிப் பேருக்கு அப்படி ஒரு ரகம் இருப்பதே தெரியாது. தலைப்பில் அதற்கு இடமில்லை என்பது தொழில் கணக்கு, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனாலும் பக்கத்தின் நடுவில் ஒரு வரி எழுதி வைத்தேன்: 'வருக்கைப் பலா: சுளை கெட்டியாக இருக்கும், கடித்தால் மொறுமொறுவென்று வரும்.' அந்த வரிக்கு மேலே, கத்தியால் முக்கோணமாக வெட்டித் திறந்த பழத்தின் படம்.

போன மாதம் பார்த்தேன். 'வருக்கை' என்று தேடியவர்களுக்கு எங்கள் பக்கம் இரண்டு முறை காட்டப்பட்டிருக்கிறது. ஒருவரும் அழுத்தவில்லை. தம்பி மகனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இருக்கட்டும் பெரியப்பா" என்றான்.