கேரவனில் வந்த மச்சான்

தமிழ்நாட்டில் கேரவன் என்றால் சினிமாக்காரர்கள் மேக்கப் போடும் வண்டி. அதனால்தான் மச்சான் வாடகைக் கேரவனில் குடும்பத்தோடு பழவேற்காடு ஏரிக்கரைக் கோட்டைக்குப்பம் வந்தபோது, பொடிசுகள் "ஹீரோ யாரு?" என்று பின்னாலேயே ஓடிவந்தன. பொன்னேரி வழியாக வந்து, இரண்டு நாள் சொந்தபந்தங்களோடு இருந்துவிட்டுப் போவது திட்டம்.

வண்டிக்குள் ஏசி, கட்டில், கழிப்பறை எல்லாம் உண்டு. தெருவுக்குள் நுழையத்தான் வழியில்லை. எங்கே நிறுத்தினாலும் யாரோ வலை காயப்போட்ட இடம். பழவேற்காடு ஏரியில் இறால் பிடிக்கவே 'பாடு' உண்டு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாக்குப்பம் ஆகிய ஊர்க்காரர்கள் முறை வைத்துத்தான் வலை கட்டுவார்கள். "உங்க பாடு என்னைக்குன்னு கேட்டுட்டு நிறுத்துங்க மாப்ள" என்றார் பெரியப்பா.

மச்சான் ஏசியை விட்டு இறங்கவில்லை. ஜன்னல் வழியாகவே நலம் விசாரித்தார். இறால் தொக்கும் ஜன்னல் வழியாகவே உள்ளே போனது. 1613-இல் இங்கே கெல்ட்ரியா கோட்டை கட்டிய டச்சுக்காரர்கள்கூடத் தரையில் இறங்கித்தான் வியாபாரம் பேசினார்கள். குளிர்காலத்தில் வரும் பூநாரையும் ஏரியில் காலை நனைக்கிறது.

ஜன்னல் வழியாக உறவாட வீடியோ கால் போதும், மச்சான். டீசலாவது மிச்சம்.