எஸ்டிமேட்டுல சரியா இருக்கு

ஒரே இனத்தைச் சேர்ந்த இரண்டு அளவுகளில் ஒன்று மற்றொன்றைப் போல எத்தனை மடங்கு என்று சொல்வது விகிதம். இரண்டு விகிதங்கள் சமமானால் விகித சமம். பாடப்புத்தகம் இவற்றைக் கற்பிக்கிறது. காண்ட்ராக்டர் இவற்றால் பிழைக்கிறார். தெருவில் கான்கிரீட் தளம் போடும் இடத்தில், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாருக்கு அவர் எடுத்த பாடம் பின்வருமாறு.

முதலில், பங்கு.

வாத்தியார்: என்ன கலவை தம்பி?

காண்ட்ராக்டர்: எம்20 சார். ஒண்ணுக்கு ஒன்றரைக்கு மூணு. சிமென்ட், மணல், ஜல்லி.

வாத்தியார்: ஒரு பெட்டி சிமென்ட்டுக்கு மூணு பெட்டி மணல், ஆறு பெட்டி ஜல்லி விழுதே! அது எம்10 ஆச்சே.

காண்ட்ராக்டர்: அது தரையில சார். எஸ்டிமேட்டுல சரியா இருக்கு.

வாத்தியார்: மொத்தம் ஐந்தரைப் பங்குல ஒண்ணு சிமென்ட்டா இருக்கணும். இங்கே பத்துல ஒண்ணு. 100 மூட்டை போகவேண்டிய இடத்துல 55தான் போகும். மீதி 45?

காண்ட்ராக்டர்: அதுக்கும் விகிதம் உண்டு சார். கையெழுத்துக்கு இவ்வளவு, கண்ணை மூடிக்கிட்டதுக்கு இவ்வளவு. அந்தப் பங்குல மட்டும் குண்டுமணி பிசகாது.

அடுத்து, எதிர் விகிதம். ஆள் பாதியானால் நாள் இரட்டிக்கும்.

வாத்தியார்: 10 ஆள் 6 நாள்ல முடிக்கிற வேலை. 5 பேர்தானே நிக்கிறாங்க?

காண்ட்ராக்டர்: அதனால 12 நாள் சார். பில்லுல 10 ஆள், 12 நாள்.

வாத்தியார்: 60 ஆள் கூலிக்கு 120 ஆள் கூலியா?

காண்ட்ராக்டர்: எஸ்டிமேட்டுல சரியா இருக்கு சார்.

கடைசியாக, சதவீதம்.

வாத்தியார்: 20 சதவீதம் குறைச்சுத்தானே டெண்டர் எடுத்தீங்க?

காண்ட்ராக்டர்: ஆமா சார், 100 ரூபா வேலை 80க்கு. பிறகு திருத்திய எஸ்டிமேட்டுல 25 சதவீதம் ஏத்துவோம். 80ல 25 சதவீதம் எவ்வளவு?

வாத்தியார்: 20.

காண்ட்ராக்டர்: பழைய 100 வந்துடுச்சா? ஊர்க்காரங்க 25ல 20 போக 5 ரூபாதான் ஏறிச்சுன்னு நினைப்பாங்க. எதுல சதவீதம்னு யாரும் கேக்கறதில்லை.

வாத்தியார்: யோவ்! பள்ளிக்கூடப் பிள்ளைங்க நடக்கப்போறது உன் எஸ்டிமேட் மேலயா, இந்தத் தளத்து மேலயா? உடைஞ்ச கால்ல எதை வச்சுக் கட்டுவே, எஸ்டிமேட் காகிதத்தையா?

காண்ட்ராக்டர்: கோபப்படாதீங்க சார். கேள்வி கேக்கறவங்க ஊருக்கு ஒருத்தர்தான். அந்த விகிதத்தை நம்பித்தான் நாங்க டெண்டரே போடறோம்.

அந்த விகிதத்தை மாற்றுவது எளிது. 10 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் கனமுள்ள தளம் ஒரு கன மீட்டர். ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று என்றால் அதற்கு ஏறத்தாழ 8 மூட்டை சிமென்ட் பிடிக்கும். ஒன்றுக்கு மூன்றுக்கு ஆறு என்றால் ஏறத்தாழ நாலரை. உங்கள் தெருவில் தளம் போடும் நாளில் காலிச் சாக்குகளை எண்ணுங்கள்.